அவசரம்: விளையாட்டுக்குள் கிடந்தும் ஆட்டத்தில் வராததற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நாளை காலை முதலாண்டு மாணவர்களுக்குப் பழைய கணினி விளையாட்டுகள் பற்றி வகுப்பு. எடுத்துக்காட்டு சோனிக் 2 (சேகா மெகா டிரைவ் என்ற விளையாட்டு இயந்திரத்துக்கு, 1992). இரண்டு சொற்கள் வேண்டும்.

ஹிடன் பேலஸ் என்று ஒரு கட்டத்தை வரைந்து, இசையும் போட்டு, வெளியீட்டுக்கு முன்னால் தூக்கிவிட்டார்கள். இசை மட்டும் கார்ட்ரிட்ஜிலேயே (இயந்திரத்தில் செருகும் விளையாட்டுப் பெட்டி) தங்கிவிட்டது. விளையாட்டின் ஒலிகளை எண் வைத்துக் கேட்கும் ஒலிச்சோதனைத் திரையில் 10 என்று வைத்தால் கேட்கலாம். ஆட்டத்தில் எங்கும் வராது. இதற்கு என்ன பெயர்? "பயன்படுத்தப்படாத உள்ளடக்கம்" சிலைடில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை.

அடுத்தது, நாட்டுக்கு நாடு மாறுவது. அமெரிக்க இயந்திரத்தில் சோனிக்கின் தோழனான நரிக்குட்டியின் பெயர் டெய்ல்ஸ் என்று வரும், ஜப்பானிய இயந்திரத்தில் மைல்ஸ்.

---

எச்சம். வினையெச்சம் போல முடிவு பெறாமல் நிற்கிறதல்லவா?

---

> எச்சம்

காக்கை நினைவுதான் வரும், கடைசி பெஞ்சு சிரிக்கும். தவிர, எச்சம் தன்னை முடிக்க ஒரு சொல்லைத் தேடும். இந்த இசை எதையும் தேடவில்லை, சும்மா இருக்கிறது. இருந்தும் பொருள் தராத சொல்லுக்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு: அசைநிலை. "மற்று" என்பதற்கே தொல்காப்பியர் வினைமாற்று, அசைநிலை என இரண்டு வேலை சொல்கிறார். அசைநிலைப் பகுதி எனலாம்.

---

ஐயா, அசைநிலை என்றால் பிள்ளைகள் அனிமேஷன் என்று எழுதிக்கொள்வார்கள்.

"கைவிட்ட பகுதி" போதாதா?

---

கைவிட்டதா? அந்தக் கட்டத்தை 2013 கைபேசிப் பதிப்பில் முடித்துச் சேர்த்துவிட்டார்களே! 21 வருஷம் கழித்து எடுத்தார்கள் என்றால் அது கிடப்பில் இருந்தது. கிடப்பில் போட்ட கோப்பு என்கிறோம், யாருக்கும் விளக்க வேண்டாம். கிடப்புப் பகுதி.

ஹிடன் பேலஸை "மறைந்த அரண்மனை" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கும்.

---

கிடப்பு சரி. இரண்டாவதற்கு "நாட்டுப் பதிப்பு"?

---

நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டுப் பதிப்பா? அதோடு, பதிப்பே இங்கே பொருந்தாது. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நிரல் ஒன்றுதான். எந்த நாட்டு இயந்திரத்தில் செருகியிருக்கிறோம் என்று பார்த்துப் பெயரை மாற்றுகிறது. வருமொழியைப் பார்த்து நிலைமொழி மாறுகிற புணர்ச்சி இது! மண் + குடம் மட்குடம் ஆவது போல. எனவே "திரிபு".

---

திரிபு என்றால் எது மூலம்? டெய்ல்ஸா, மைல்ஸா? முழுப்பெயர் மைல்ஸ் பிரவர். சேர்த்துச் சொன்னால் "மணிக்கு இத்தனை மைல்" என்று ஆங்கிலத்தில் ஒரு சிலேடை. ஜப்பானில் ஆங்கிலச் சிலேடை, அமெரிக்காவில் வெறும் வால்! காளமேகம் இருந்திருந்தால் ஒரு வெண்பா பாடியிருப்பார்.

---

நன்றி. மணி பதினொன்று, சிலைடை முடித்துவிட்டேன்: "கிடப்புப் பகுதி", "நாட்டுவாரி வேறுபாடு". இரண்டாவது பிடிக்காதவர்கள் மன்னிக்கவும்.

---

"வாரி" தமிழில்லை. அசைநிலையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள் அம்மா.