மறு: மறு: வெயிலால் பட்டறையைச் சூடாக்கும் சுவர்ப்பெட்டி – பெயர் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

நான் கேட்டது இந்தச் சுவர்ப்பெட்டிக்கு ஒரு தமிழ்ச் சொல். மூன்று நாளில் பதினாறு மடல். அதில் பாதி, கூரைமேல் சாய்த்து வைக்கும் சோலார் தகட்டைப் பற்றியது. தப்பு என்னுடையதுதான், பொருளை விவரிக்காமல் பெயர் கேட்டுவிட்டேன்.

என் பட்டறை கனடாவின் கால்கரியில், வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் மரக் கொட்டகை. அதன் தெற்குச் சுவருக்கு வெளிப்புறம் மூன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து, முன்னால் பாலிகார்பனேட் தகடு போட்டிருக்கிறேன். உள்ளே கறுப்புக் கம்பிவலை, இரண்டு அடுக்கு. ஜன்னலில் கொசுவுக்கு அடிப்போமே, அதே உலோக வலை. சுவரின் அடியில் நாலு துளை, மேலே நாலு துளை. விசிறி கிடையாது, பம்பு கிடையாது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் ஊரில் ஒருவர் தன் கொட்டகையில் செய்து பார்த்து, செய்முறையை எல்லோருக்கும் வெளியிட்டிருந்தார்; அதைப் பார்த்துச் செய்தது. வெயில் பட்டு வலை சுடும், வலையைத் தொட்டுக் காற்று சுடும். சுட்ட காற்று மேல்துளை வழியே பட்டறைக்குள் போக, தரையோரத்துக் குளிர்காற்று கீழ்த்துளை வழியே பெட்டிக்கு வரும்.

ஏன் கூரையில் வைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இங்கே டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து பதினைந்தரை பாகைதான் ஏறுகிறது. சென்னையில் அதே நாளில் 53 பாகை. அவ்வளவு தாழ்ந்த வெயிலுக்கு நேர் எதிரே நிற்பது செங்குத்துச் சுவர்தான். முன்னால் கிடக்கும் பனியும் தன் பங்குக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஜூனில் சூரியன் 62 பாகைக்குப் போய்விடுவதால் சுவரை உரசிக்கொண்டு இறங்குகிறது, பெட்டி வேகாது. தெளிந்த குளிர்கால நண்பகலில் சதுர மீட்டருக்கு 800 வாட் விழுகிறது என்று வைத்தால் மொத்தம் 7 கிலோவாட். பாதிதான் உள்ளே வந்தது என்றாலும், பிளக்கில் செருகும் 1500 வாட் ஹீட்டர் இரண்டுக்கு மேலேயே இருக்கிறது. வெளியே –15 இருக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு இழைப்புளி தள்ளியிருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> சூரிய வெப்பச் சேகரிப்பான் என்ற சொல் இருக்கிறதே, அதற்கென்ன குறை?

குறை இருக்கிறது அம்மா. இந்தப் பெட்டி எதையும் சேர்த்து வைப்பதில்லை. மேகம் மறைத்தால் பத்து நிமிடத்தில் ஆறிப்போகும். சேர்த்து வைக்கும் வகை வேறொன்று உண்டு: கண்ணாடிக்குப் பின்னால் கறுப்படித்த கனத்த கல்சுவர். மாசசூசெட்ஸில் எட்வர்டு மோர்ஸ் 1881இல் கண்ணாடியும் கறுப்புப் பரப்பும் வைத்துச் சுவர்ச் சூடேற்றிக்குக் காப்புரிமை வாங்கினார். 1960களில் பிரான்சின் ஒதெய்யோவில் ஃபெலிக்ஸ் துரோம்ப் அதேபோல் கனத்த கான்கிரீட் சுவரோடு வீடே கட்டிக் காட்டினார். பகல் வெயிலை ராத்திரிக்கு வைத்திருக்கும் அந்தச் சுவருக்குச் சேகரிப்பான் என்ற பெயரை விட்டுவைப்போம். எனக்குப் பகலில் மட்டும் வேலை, பகலில் மட்டும் சூடு போதும். (கலெக்டர் என்றே எழுதலாம் என்ற நண்பருக்கு: ஊரில் என் அம்மாவிடம் சுவரில் கலெக்டர் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். மனு கொடுக்கவா என்றார்.)

> வெயிலள்ளி?

அழகுதான். ஆனால் தருமபுரிப் பக்கம் பஸ் ஏறினால் இறங்கவேண்டிய ஊர் மாதிரி இருக்கிறது.

> வெயிற்காய்ச்சி?

பால்காய்ச்சி என்றால் பாலைக் காய்ச்சுவது. இது வெயிலையா காய்ச்சுகிறது?

முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொன்னால் என் பரிந்துரைக்குக் காரணம் புரியும். பகலெல்லாம் அருமையாக வேலை செய்தது. மறுநாள் விடிகாலையில் மரப்பசை டப்பா உறைந்து கிடந்தது. இரவில் பெட்டிக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து கனத்து, கீழ்த்துளை வழியாகப் பட்டறைக்குள் கொட்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு உள்ளே இருந்த கதகதப்பெல்லாம் மேல்துளை வழியே போயிருக்கிறது. பகலில் வாங்கியதை ராத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டது! அப்புறம் மேல்துளை ஒவ்வொன்றின் உட்புறமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டேன். பகலில் வரும் காற்று அதைத் தள்ளித் திறக்கும். இரவில் காற்று திரும்ப முயன்றால் தாள் துளையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. எலிப்பொறியின் கதவேதான்.

ஆகவே வெயிற்பொறி. பொறி என்றால் சிக்கவைப்பது, இயந்திரம் என்றும் பொருள். தீப்பொறி நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை. வெயில்பொறி என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அடுத்தது, காற்று தானாக ஏறிச் சுற்றும் அந்த இயக்கம், ஆங்கிலத்தில் தெர்மோசைஃபன். கோவையில் மாடிமேல் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரிலும் இதுதான் நடக்கிறது. தகட்டுக்கு மேலே தொட்டியை வைப்பது அதற்காகத்தான். 'வெப்ப வடிகுழாய்' என்று பழைய கலைச்சொல் பட்டியலிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். இங்கே வடிவது எதுவும் இல்லை, ஏறுவதுதான் இருக்கிறது. நாகர்கோவில் அண்ணாச்சி சொன்ன 'வெப்ப ஏற்றம்' எனக்கு மிகவும் பிடித்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம் கண்முன் வந்தது. ஆனால் வெப்பநிலை கூடுவது என்றும் படிக்கலாம். தவிர, யாழ்ப்பாணத்து ஆசிரியர் சுட்டியதுபோல் இலங்கைப் பாடநூல்களில் ஏற்றம் என்றால் மின்னேற்றம். அண்ணாச்சி கோபிக்கக் கூடாது, முதல் பாதியை மட்டும் மாற்றி அனலேற்றம் என்கிறேன். அனலால் ஏறுவது. மின்சாரத்தோடு குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக அந்தப் பிளாஸ்டிக் தாள். வால்வு என்றால் திருகும் குழாய்தான் தோன்றுகிறது. இதயத்தில் ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று பள்ளியில் படித்தோம். இதற்கு ஒரே இதழ். ஓரிதழ் என்று வைக்கலாமா? மூலிகைக்காரர்கள் ஓரிதழ்த்தாமரையைக் காட்டி ஆட்சேபிக்கக் கூடும். வேறு நல்ல சொல் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்கு வெயில் என்கிறார்கள், நான் பட்டறையில் இருப்பேன்.