அலைச்சறுக்கு ஊருக்குப் போறப்ப எல்லாம் முடிவு பண்ணிட்டுப் போகணுமா, போய்ப் பார்த்துக்கலாமா?

ஊருணிக்கரை, காரைக்குடி:

மே மாசம் நானும் கூட்டாளிங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல ஒரு அலைச்சறுக்கு (சர்ஃபிங்) ஊருக்குப் போகலாம்னு இருக்கோம். மூணு பேருக்குமே இதுதான் முதல் தடவை. இலங்கையில வெலிகம, அறுகம்பே, இந்தோனேசியாவுல பாலி, மூணும் பேச்சுல இருக்கு. டிக்கெட் மட்டும் போட்டாப் போதும், அறை முன்பதிவே வேணாம்ங்கிறது என் எண்ணம். அந்த ஊர்கள்ல எவனுக்கும் அவசரமே கிடையாது. கடற்கரையில நாலு எட்டு நடந்தா அறை கிடைக்கும், ஸ்கூட்டர் கிடைக்கும், பலகை கிடைக்கும். அப்பச்சி மட்டும் "எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டுப் போ"ன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, உங்க அப்பச்சி சொல்றதுதான் சரி. நான் பட்டதைச் சொல்றேன், கேட்டுக்குங்க.

பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை விட்டதும், டிசம்பர் கடைசியில குடும்பத்தோட அறுகம்பே போனோம். திருச்சியில ஏறி கொழும்பு, அங்கேருந்து ராத்திரி முழுக்க பொத்துவில் பஸ். விடியக்காலம் இறங்கினா கொட்டுது மழை. பாதிக் கடைக்குப் பூட்டு. பலகைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கயித்தால இறுக்கிக் கட்டியிருந்தாங்க. ஒருத்தர் கதவைத் திறந்து, "இப்ப யாரும் வர மாட்டாங்களே, ஏன் வந்தீங்க?"ன்னு கேட்டாரு. என் சின்ன மக அப்ப என்னைப் பார்த்த பார்வை இன்னமும் கண்ணுல நிக்குது.

அறுகம்பே இருக்கிற கிழக்குக் கரைக்கு அலைக்காலம் ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரை. நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது அவங்களுக்கும் அந்தப் பக்கம் அதே மழைதான். வெலிகம, மிதிகம, ஹிக்கடுவ இருக்கிற தென்மேற்குக் கரைக்கு நவம்பர்லேருந்து ஏப்ரல் வரை. ஒரே தீவுதான், ரெண்டு கரைக்கும் ரெண்டு காலம். மே மாசம் போறதா இருந்தா வெலிகமவைப் பட்டியல்லேருந்து இப்பவே அடிச்சிடுங்க.

நம்ம ஐயாமாரு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கன்னு தொழில் பண்ணப் போனப்ப, இறங்குற ஊர்ல எந்தக் கிட்டங்கியில, அதாவது நம்மவங்க தங்கித் தொழில் பார்த்த கட்டடத்துல, பெட்டி வைக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கப்பல் ஏறினாங்க. கையில போன் இருக்கிற நாம அது கூடத் தெரியாம ஏறலாமா?

ஆத்தங்குடிக்கல்:

அண்ணே, உங்களுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனா அது காலம் பார்க்காததால வந்தது. அறை போடாததால வரல. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க. நீங்க பத்து நாளைக்கு முன்பணம் கட்டி அறை போட்டிருந்தா அந்தப் பத்து நாளும் மழையிலதானே உட்கார்ந்திருப்பீங்க? போடாததால மறுநாளே கிளம்ப முடிஞ்சிருக்கும்.

நான் அறுகம்பேக்கு ரெண்டு தடவை, பாலிக்கு ஒரு தடவை போயிருக்கேன். என் கணக்கு எப்பவும் ஒண்ணுதான்: முதல் ரெண்டு ராத்திரிக்கு மட்டும் அறை. மூணாம் நாள் நடந்து பார்த்து, கட்டில்ல உட்கார்ந்து பார்த்து, குழாயைத் திறந்து பார்த்துப் பேசுறது. படத்துல கடலோரமா தெரியிற அறைக்குப் பின்சுவத்துல பாட்டுக் கச்சேரி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடும், அது எந்தப் படத்துலயும் தெரியாது. அலையும் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. இந்தப் பக்கம் செத்துக் கிடந்தா அடுத்த முனைக்குப் போகணும். கையைக் காலைக் கட்டிக்கிட்டா எப்படிப் போறது?

அறுகம்பேயில நமக்கு ஒரு வசதி, பொத்துவில் பக்கம் பெரும்பாலும் தமிழ் பேசுற முஸ்லிம்கள். "அறை இருக்கா?"ன்னு நம்ம பேச்சுலயே கேட்கலாம். ரெண்டாம் தடவை ஒரு அம்மா இடியாப்பமும் சம்பலும் வச்சுட்டு, "இந்தியாவுல எந்த ஊரு?"ன்னு கேட்டாங்க. காரைக்குடிப் பக்கம்னதும் உகந்தை முருகனைப் பார்த்துட்டுப் போங்கன்னு சொன்னாங்க. பாணமை தாண்டிக் கடலோரத்துல பாறை மேல இருக்கு கோவில். கதிர்காமத்துக்கு நடந்து போறவங்க அங்க தங்கி, அப்புறம் குமண காட்டுக்குள்ள இறங்குவாங்க. பழனிக்கு நடந்து பழகின கால் நமக்கு. அந்தக் கோவில் வாசல்ல நின்னப்ப குன்றக்குடி ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிருச்சு. எழுதி வச்ச பட்டியல்ல அந்த இடம் இருந்திருக்காது.

பள்ளத்தூர் ஆச்சி:

ஆத்தங்குடித் தம்பி எழுதினது படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்டியைத் தூக்கிக்கிட்டு அறை அறையா ஏறி இறங்குறது ஆம்பளைப் பிள்ளைகளுக்குச் சரிப்படும். நானும் என் மகளும் பாலிக்குப் போனப்ப விமானம் இறங்கவே ராத்திரி பதினொண்ணு. அந்த நேரத்துல ரெண்டு பொம்பளைங்க எந்தக் கதவைத் தட்டுறது? ஒன்பது ராத்திரிக்கும் போட்டுட்டுத்தான் கிளம்பினோம், ஒரு நாள் கூட வருத்தப்படல. ரத்து பண்ண இடம் கொடுக்கிற அறையாப் பார்த்துப் போட்டா கையும் கட்டாது, காலும் கட்டாது.

போய்ப் பார்த்துக்கலாம்ங்கிறவங்களுக்கு இன்னொண்ணு. மார்ச் வாக்குல பாலியில நியேபின்னு ஒரு நாள் வரும். அன்னைக்கு முழுக்க விமான நிலையமே மூடியிருக்கும், வீதியில கால் வைக்க விட மாட்டாங்க. தெரியாமப் போனா என்ன பண்ணுவீங்க?

மத்தபடி பாலியில இறங்கினதும் விசாவுக்கு 5,00,000 ருப்பியா, 2024லேருந்து சுற்றுலா வரி 1,50,000 ருப்பியா. ரெண்டையும் இணையத்துலயே முன்கூட்டிக் கட்டிடலாம், அரசுத் தளத்துல மட்டும் கட்டுங்க. இலங்கைக்கான நுழைவு அனுமதிக்கும் அதேதான், அரசு மாதிரியே பேர் வச்ச தளங்கள் கூடுதலா வாங்கிடும். சைவம் சாப்பிடுறவங்க பாலியில சம்பலைத் தொடுறதுக்கு முன்னாடி கேளுங்க, இறால் அரைச்ச 'தெராசி' பெரும்பாலும் அதுல இருக்கும். டெம்பேங்கிற சோயாக் கட்டி, காடோ காடோங்கிற காய்கறிக் கலவை நல்லா இருக்கும், காடோ காடோவுக்கும் அதே கேள்வியைக் கேட்டுக்குங்க.

இப்ப ஸ்கூட்டர். அது வேணவே வேணாம், அதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் மக ஒரு கடையில வண்டி எடுத்தா. உரிமம் இருக்கான்னு ஒருத்தர் கேட்கல, சாவியை நீட்டிட்டாங்க. ரெண்டாம் நாள் மணல் கிடந்த திருப்பத்துல சறுக்கி முழங்கை எலும்பு விட்டுப் போச்சு. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீட்டுல கேட்டா, ரெண்டு சக்கர வண்டிக்கான சர்வதேச உரிமம் எங்கேன்னு கேட்டாங்க. இல்ல. ஒரு காசு வரல. வண்டிக்காரரு வேற பழைய கீறலுக்கெல்லாம் சேர்த்துப் பணம் கேட்டாரு.

ஆத்தங்குடிக்கல்:

ஆச்சி, உங்க மகளுக்கு இப்ப கை நல்லா இருக்கும்னு நம்புறேன். உரிமம் இல்லாம ஓட்டக் கூடாதுங்கிறதுல எனக்கு மறுபேச்சே இல்ல. ஆனா அதுக்காக ஸ்கூட்டரே வேணாம்னு சொல்லாதீங்க. ஆர்டிஓவுல படிவம் 4ஏ கொடுத்து 1,000 ரூபாய் கட்டினா சர்வதேச உரிமம், ஒரு வருஷம் செல்லும். கார் மட்டும் இல்ல, ரெண்டு சக்கரத்துக்கும் முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்கணும். இலங்கையில அதுக்கு மேல அங்க ஒரு ஒப்புதலும் வாங்கணும். வண்டி எடுக்கும்போது சுத்தி வந்து வீடியோ எடுத்து, கடைக்காரரையும் பார்க்கச் சொல்லணும். பலகைக்கும் அதேதான். பாஸ்போர்ட்டை அடகு மாதிரிக் கேட்டா அந்தக் கடையை விட்டு வந்துடணும். இவ்வளவு பண்ணினா என்ன பயம்?

பள்ளத்தூர் ஆச்சி:

இவ்வளவையும் போறதுக்கு முன்னாடி உட்கார்ந்து பண்ணணும்ல தம்பி? அதைத்தானே அவங்க அப்பச்சி எழுதி வைன்னு சொல்றாங்க.

முகப்பு:

மூணு பேர் எழுதியாச்சு, அந்தத் தம்பிக்கு நீச்சல் தெரியுமான்னு ஒருத்தர் கூடக் கேட்கல. அறையைப் பத்தியும் வண்டியைப் பத்தியும் இவ்வளவு பேசுறோம், அவங்க இறங்கப் போறது கடல்ல.

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கிணத்துலயும் கண்மாயிலயும் நீந்திப் பழகினவங்க. கடல்னா தொண்டி. பாக் நீரிணையில அலை கணுக்கால் அளவுதான், அதைப் பார்த்துட்டுக் கடல்னா இவ்வளவுதான்னு மனசுல பதிஞ்சுடும். நானும் அப்படித்தான் இருந்தேன், சென்னைப் பக்கத்துக் கோவளத்துல முதல் நாள் இறங்குற வரைக்கும்.

அன்னைக்கு நடந்தது இது. ரெண்டு பக்கமும் வெள்ளையா அலை உடையுது. நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பா, நுரை வெளிப்பக்கமா நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு. புதுசா வந்தவனுக்கு அதுதான் பத்திரமான வழியாத் தெரியும், எனக்கும் தெரிஞ்சுச்சு. அதுதான் இழுவை. உடைஞ்சு கரைக்கு வந்த தண்ணியெல்லாம் திரும்பப் போற வழி. பத்து எண்றதுக்குள்ள கால் தரையை விட்டுடுச்சு. கரையைப் பார்த்து எதிர்த்து எதிர்த்து நீந்தினேன், கரை கிட்டவே வரல, மூச்சு மட்டும் போச்சு. சொல்லிக் கொடுக்கிற பையன், மீனவர் குடும்பம், "அண்ணே பலகையை விடாதீங்க, பக்கவாட்டுல வாங்க, அலை உடையிற பக்கம் வாங்க"ன்னு கத்தினான். கரைக்கு இணையா இருபது முப்பது கை போட்டதும் இழுவை விட்டுச்சு, அடுத்த அலையே என்னைக் கரையில கொண்டாந்து போட்டுச்சு. காலையும் பலகையையும் சேர்த்துக் கட்டியிருந்த லீஷ் கயிறும் பலகையும் இல்லேன்னா இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அதனால தம்பி, கடல் தாண்டிப் போறதுக்கு முன்னாடி கோவளத்துலயோ மாமல்லபுரத்துலயோ மூணு நாள் பழகுங்க. 2025 ஆகஸ்ட்ல ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துலதான் நடந்துச்சு, சொல்லிக் கொடுக்கிறவங்க தமிழ்லயே சொல்லுவாங்க.

அறுகம்பேயில மெயின் பாயிண்ட்ங்கிற இடத்துல அடியில பாறை, கடல் முள்ளெலி வேற. புதுசா வர்றவங்களுக்கு பேபி பாயிண்ட்டும் விஸ்கி பாயிண்ட்டும்தான். பாலியில கூட்டா கடற்கரைக்கு அடி மணல், அங்க விழலாம். அதே பாலியில உலுவாட்டுங்கிற இடத்துல பவளப்பாறை, அங்க விழக் கூடாது. விழும்போது தலைகீழாப் பாயாம, தட்டையா விழுந்து, ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கணும், பலகை திரும்பி வந்து அடிக்கும்.

அறைக்குப் போனதும் சுனாமி வந்தா ஓட வேண்டிய வழி எதுன்னு அறிவிப்புப் பலகையில போட்டிருக்கும், ஒரு தடவை அந்த வழியே நடந்து பாருங்க. 2004ல அறுகம்பேயும் வெலிகமவும் என்ன ஆச்சுன்னு அந்த ஊர்ப் பெரியவங்களுக்கு மறக்காது.

தேவகோட்டை ரஸ்தா:

முகப்பு சொன்னது எனக்குத் தோணவே இல்ல. நானே பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போனவன். மழை பெய்யாம இருந்திருந்தா அன்னைக்கு நேரா தண்ணிக்குள்ள இறக்கி விட்டிருப்பேன்.

ஆனா ரெண்டு ராத்திரிக்கு மட்டும் அறைங்கிறதை நான் இன்னமும் ஒத்துக்கல, தம்பி ஆத்தங்குடி. ஜூலை, ஆகஸ்ட்ல கூட்டம் நெருக்குறப்ப முயற்சி பண்ணிப் பாருங்க.

ஆத்தங்குடிக்கல்:

ஜூலைல முழுசாப் போடலாம்ணே, அது சரி. இவங்க போறது மே. அறுகம்பேக்கு அது பருவத் தொடக்கம், அலை சின்னது, கூட்டமும் குறைச்சல். ரெண்டு ராத்திரி போதும்.

ஊருணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வெலிகமவை விட்டாச்சு, மேக்கு அறுகம்பேதான். அறை விஷயத்துல ஆத்தங்குடி அண்ணன் பக்கம்தான் இருக்கேன், முதல் மூணு ராத்திரிக்குப் போடுறேன். ஆச்சி, ஸ்கூட்டர் நாங்க எடுக்கல, அங்க ஆட்டோ இருக்கு.

நேத்து சாயங்காலம் மூணு பேரும் எங்க தோட்டத்துக் கிணத்துல இறங்கிப் பார்த்தோம். நான் நிக்காம இருபது நிமிஷம் நீந்தினேன். ஒருத்தன் ஆறு நிமிஷத்துல மோட்டார் குழாயைப் பிடிச்சுக்கிட்டான், இன்னொருத்தன் படியை விட்டே இறங்கல. முகப்பு அண்ணே, கோவளத்துல மூணு நாள் போதுமா, இல்ல ஒரு வாரம் ஒதுக்கணுமா?

முகப்பு:

உங்களுக்கு மூணு நாள். படியை விட்டு இறங்காதவரு முதல்ல அந்தக் கிணத்துல ஒரு மாசம்.