ஸ்பிரிங் டிரெயினிங் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பது வீணா?

கிழக்குவாசல்:
ஸ்பிரிங் டிரெயினிங் என்பது அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் சீசனுக்கு முன் அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் ஆடும் பயிற்சி ஆட்டங்கள். அதைப் பார்க்க மார்ச்சில் அரிசோனா போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். வெற்றியும் தோல்வியும் கணக்கில் ஏறாத ஆட்டம் அது. முக்கிய வீரர்கள் இரண்டு மூன்று முறை பேட் பிடித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது வாக்கில் கிளம்பிவிடுவார்கள். பிறகு வருவது முதுகில் 80, 90 என்று எண் போட்ட, கீழ்நிலை மைனர் லீக் பையன்கள். 2011 ஸ்பிரிங்கில் ஓரியோல்ஸ் அணியின் ஜேக் ஃபாக்ஸ் 10 ஹோம் ரன் அடித்தார். சீசனில் அவர் அடித்தது 2. இந்த ஆட்டங்களை நம்பி எதை முடிவு செய்வது?

பிட்ச்_கணக்கு:
ஸ்கோர்கார்டை நம்பக்கூடாது என்பதற்கு ஃபாக்ஸ் நல்ல உதாரணம். ஆட்டத்தையே பார்க்கக்கூடாது என்பதற்கு இல்லை. பந்து எறியும் பிட்சரைப் பாருங்கள். பிப்ரவரி கடைசியில் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், ஒன்றிரண்டு இன்னிங்ஸ்தான் போடுவார், சுமார் 30 பந்து. ஐந்து நாளைக்கு ஒருமுறை 15 பந்து போலக் கூட்டிக்கொண்டே போய், மார்ச் கடைசியில் 85, 90-க்கு வந்துவிடுவார். 45 போட வேண்டியவரை 25-லேயே வெளியே எடுத்தால் அங்கே ஏதோ சரியில்லை.

அடுத்தது, புதிதாகப் பழகும் பந்து. ஒரே பேட்டருக்குத் தொடர்ந்து நான்கு சேஞ்ச்அப் (வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து) போட்டு அடி வாங்குவார்கள். சீசனில் யாரும் அப்படிப் போடமாட்டார்கள். அதில் 5 ரன் போனாலும் நான் கவலைப்படமாட்டேன். ஃபாஸ்ட்பால் வேகம் போன சீசனைவிட மணிக்கு ஒரு மைல் குறைந்தாலும் பொறுக்கலாம். மார்ச் பாதி தாண்டியும் மூன்று, நான்கு மைல் குறைவாகவே இருந்தால்தான் தோளையும் முழங்கையையும் பற்றிப் பயப்பட வேண்டும்.

கிழக்குவாசல்:
வேகமும் பந்து எண்ணிக்கையும் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். அரிசோனா எண்களில் இன்னொரு கோளாறும் உண்டு. ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, காற்றும் வறண்டது. பந்து கூடுதலாகப் பறக்கும், கர்வ்பால் வளைவது குறையும். பேட்டர்கள் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிவார்கள்.

பிட்ச்_கணக்கு:
சரிதான். அதனால்தான் யாருக்கு எதிராக அடித்தார் என்று பார்க்கச் சொல்கிறேன். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஸ்பிரிங் கணக்கோடு எதிரணியின் தரத்துக்கும் ஒரு மதிப்பெண் இருக்கும். மேஜர் லீக் என்றால் 10, அதற்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ என்றால் 8. எட்டாவது இன்னிங்ஸில் அதற்கும் கீழே உள்ள டபுள்-ஏ பிட்சரை அடித்த ஹோம் ரன் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆல்பர்ட் புஹோல்ஸ் 2001-ல் கார்டினல்ஸ் அணிக்குள் வந்தது ஸ்பிரிங் ஆட்டத்தின் பலத்தில்தான். அதற்கு முன் டிரிபிள்-ஏவில் மூன்றே ஆட்டங்கள். அந்த வருடமே சிறந்த அறிமுக வீரர் விருது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு விஷயம் இருக்கிறது.

புல்மேடு:
போவதா வேண்டாமா என்பதைவிட எந்த ஆட்டத்துக்குப் போவது என்பதே பெரிய கேள்வி. அட்டவணையில் ஸ்பிளிட் ஸ்குவாட் என்று இருந்தால் அணி அன்றைக்கு இரண்டாகப் பிரிந்து இரண்டு இடத்தில் ஆடும். விருப்பமான வீரர் எந்தப் பாதியில் இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வெளியூர் போகும் அணி நான்கு வழக்கமான வீரர்களையாவது அழைத்துப் போக வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் தங்கிவிடுவார்கள். எனவே உங்கள் அணியின் சொந்த மைதான ஆட்டத்தையே எடுங்கள். ஃபுளோரிடாவில் இது ரொம்ப முக்கியம். ஃபோர்ட் மையர்ஸிலிருந்து டாம்பாவுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மூத்த வீரர்கள் அதில் ஏறுவது அபூர்வம். அரிசோனாவில் 15 அணிகளின் 10 மைதானங்களும் ஃபீனிக்ஸைச் சுற்றியே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பந்து எப்படி நகர்கிறது என்று பார்க்க, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் உட்கார வேண்டும். வெளிப்புறப் புல்மேட்டு டிக்கெட் மலிவு, ஆனால் நிழல் கிடையாது, பந்தின் வளைவும் தெரியாது. காலையில் பக்கத்துப் பயிற்சி மைதானங்களுக்கும் போய்ப் பாருங்கள். திறக்கும் நேரம் அணிக்கு அணி மாறும். அங்கே நடக்கும் பி ஆட்டத்தில் (அட்டவணையில் இல்லாத பயிற்சி ஆட்டம்) பிட்சரின் பந்துக் கணக்கு முடிந்தால் இரண்டு அவுட்டிலேயே இன்னிங்ஸை முடித்துவிடுவார்கள். ஒரே பேட்டர் ஒவ்வொரு இன்னிங்ஸும் முதலில் வருவார். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றால், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் பேசுவதுகூடக் கேட்கும்.

கிழக்குவாசல்:
அந்தக் காலைப் பயிற்சியை ஒப்புக்கொள்கிறேன். மதிய ஆட்டத்தை இல்லை. 2023 பிப்ரவரி 25 அன்று பிரேவ்ஸ், ரெட் சாக்ஸ் ஆட்டம் 6-6. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், 3-2 கவுண்ட் (மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்; இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட்). ஒவ்வொரு பந்துக்கும் நேரம் எண்ணும் பிட்ச் கிளாக்கில் 8 வினாடி மிச்சம் இருக்கும்போது பேட்டர் தயாராக இல்லை என்று அம்பயர் ஸ்ட்ரைக் கொடுத்தார். ஆட்டம் டை. காசு கொடுத்து வந்தவர்களுக்கு இது நியாயமா?

பிட்ச்_கணக்கு:
நான் அதையே எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்வேன். பிட்ச் கிளாக் எப்படிக் கடிக்கும் என்று எல்லா அணிக்கும் அன்றே புரிந்தது, ஒரு வெற்றியும் பறிபோகாமல். 2025-ல் 13 ஸ்பிரிங் மைதானங்களில் அம்பயரின் பால், ஸ்ட்ரைக் முடிவை எதிர்த்துக் கேட்கும் சேலஞ்ச் முறையும் இப்படித்தான் வந்தது. அணிக்கு இரண்டு சேலஞ்ச், சரியாக இருந்தால் அது கையிலேயே நிற்கும். பிட்சர், கேட்சர், பேட்டர் மட்டும் தலையைத் தட்டிக் கேட்கலாம். 2026 சீசனுக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள். எந்த கேட்சர் அவசரப்பட்டு இரண்டாவது இன்னிங்ஸிலேயே இரண்டையும் தொலைக்கிறார் என்பது நேரில் பார்க்க வேண்டிய விஷயம்.

கிழக்குவாசல்:
அப்படியானால் கடைசி வாரம் மட்டும் போகச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் போடுவார், முக்கிய வீரர்களும் ஏழாவது வரை நிற்பார்கள்.

புல்மேடு:
நட்சத்திரங்களைப் பார்க்க வருபவர்களுக்குக் கடைசி வாரம் சரி. அடுத்த இரண்டு வருடத்தில் யார் மேலே வருவார் என்று பார்க்க முதல் பத்து நாள்தான். அதற்குப் பிறகு அவர்களை மைனர் லீக் முகாமுக்கு அனுப்பத் தொடங்கிவிடுவார்கள்.