18 ஆயிரத்துக்குள் போன்: ஊட்டிக் குளிருக்கு 6000 எம்.ஏ.எச். பேட்டரி வேணுமா, வேண்டாமா?

கேத்தி_அக்கா:
தங்கச்சி ஊட்டி அரசு கலைக் கல்லூரியில சேர்ந்திருக்கா. போன் வாங்கணும், கையில 18 ஆயிரம்தான் இருக்கு. மூணு வருஷம் ஓடணும். நேத்து வேற ஒரு பதிவுல குன்னூர்_சர்வீஸ் அண்ணா, "மலைக்குளிர்ல பேட்டரி இறங்குதுங்கறது பெரிய பேட்டரி போனைத் தலையில கட்டறதுக்குக் கடைக்காரங்க சொல்ற கதை, 5000 எம்.ஏ.எச். தாராளம்"னு எழுதியிருந்தார். நிஜமாவா? எதையெல்லாம் பார்த்து வாங்கணும்னு யாராவது சொல்லுங்க.

எமரால்டு_கேரட்:
அந்தக் "கதை"ங்கற வார்த்தையைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. குன்னூர்ல கடைக்குள்ள உட்கார்ந்திருக்கறவருக்கு எங்க எமரால்டு ஊர்ப் பக்கத்துக் குளிர் எப்படித் தெரியும்?

போன ஜனவரி, ஹெத்தையம்மன் பண்டிகை முடிஞ்ச வாரம். விடிகாலை நாலு மணிக்குக் கேரட் கழுவற மிஷின்கிட்ட நிக்கறேன். 62 மூட்டை. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போட்டு விலை கேக்கணும். போன்ல 41 சதவீதம் காட்டுது. நம்பரை அழுத்தினேன், திரை இருண்டு போச்சு. 41 சதவீதம்! சுத்தி புல்லெல்லாம் உப்பு கொட்டின மாதிரி உறைபனி. விலை தெரியாமலே லோடு ஏத்தி அனுப்பினேன், அன்னிக்கு என்ன போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் வெச்சு ஆன் பண்ணினா 38 காட்டுது. சார்ஜே போடல. இது கதையா?

லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கற திரவம் குளிர்ல கெட்டிப்படும், உள்ளே மின்சாரம் நகர்றதுக்குத் தடை கூடும், கால் போடற நேரத்துல வோல்டேஜ் சட்டுனு விழும். உடனே போன் தன்னையே அணைச்சுக்கும். ஆப்பிள் கம்பெனியே ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்துல பயன்படுத்துங்கன்னு எழுதி வெச்சிருக்கு. அவங்களும் கதை விடறாங்களா? கேத்தி அக்கா, 6000க்குக் குறைஞ்சு வாங்காதீங்க.

குன்னூர்_சர்வீஸ்:
நான் 14 வருஷமா போன் பிரிக்கறேன், கேரட் பிடுங்கல. 41 சதவீதம், 41 சதவீதம்னு சொல்றீங்களே, அந்த போன் எத்தனை வருஷம் பழசுன்னு சொன்னீங்களா? பேட்டரிக்கு வயசானாலே உள் தடை ஏறிடும். அந்த மாதிரி போன் மே மாசத்துலயும் 30, 40 சதவீதத்துல படுத்துக்கும், என் மேஜைக்கு வாரத்துக்கு நாலு வருது. பேட்டரி மாத்தினா சரியாயிடும்.

அப்புறம், எமரால்டு பக்கம் சார்ஜ் இறங்கறதுக்கு முக்கால்வாசிக் காரணம் சிக்னல். கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தா போன் தன் சக்தியை ஏத்திக்கிட்டே போகும், 200 மில்லிவாட் வரைக்கும். 4ஜி, 5ஜின்னு மாறி மாறித் தேடும். சட்டைப் பையில சூடா இருக்கும் பாருங்க, அது அந்தத் தேடல்தான். அக்கா, பேட்டரி எண்ணைப் பார்க்காதீங்க, எந்த அலைவரிசையெல்லாம் பிடிக்கும்னு பாருங்க. 700 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசை மேடு பள்ளத்தைத் தாண்டி வரும். 3300க்கு மேல இருக்கற 5ஜி அலைவரிசைக்கு ஒரு தைலமரத் தோப்பே தடை. ஜியோ 2022 ஏலத்துல 700ஐ வாங்கினது, பி.எஸ்.என்.எல். 4ஜியும் 700ல ஓடறது எதனாலன்னு நினைக்கறீங்க? இந்த 700க்கு 4ஜியில பேண்டு 28, 5ஜியில என்28ன்னு பேரு. கம்பெனி தளத்துல அந்த மாடலோட விவரத்துல அது இருக்கான்னு தேடுங்க. அது இல்லாத 7000 எம்.ஏ.எச். போன் மலையில வெறும் செங்கல்.

எமரால்டு_கேரட்:
போன் ரெண்டு வருஷம்தான். "கேரட் பிடுங்கல"ன்னு ஏளனமா எழுதறீங்க, நீங்க சாப்பிடற கேரட் யார் பிடுங்கினது? சிக்னல்தான் காரணம்னா ஏப்ரல்லயும் அதே இடம், அதே மிஷின், அதே கோபுரம். ஏப்ரல்ல ஏன் அணையல? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

கூடலூர்_மழை:
ரெண்டு பேரும் பேட்டரியிலயே நிக்கறீங்க. மலையில போனைக் கொல்றது தண்ணி. தேவாலா பக்கம் ஜூன், ஜூலையில வந்து பாருங்க, சட்டைப் பையே ஊறிப்போகும். தண்ணி, தூசி தாங்கறதுக்கான ஐபி68 தரம் இல்லாத போன் இங்க ஒரு மழைக்காலம் தாங்காது. 18 ஆயிரத்துல ஐபி64தான் கிடைக்கும்னா காசு சேர்த்து அடுத்த வருஷம் வாங்குங்க.

எமரால்டு_கேரட்:
மழையைப் பத்தி எங்களுக்கே பாடமா? 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 செ.மீ. கொட்டினது அவலாஞ்சியில, எங்க பக்கத்துல. கூடலூர்ல இல்ல. அந்த மழையிலயும் என் போன் அணையல. ஜனவரிக் குளிர்லதான் அணைஞ்சுது, 41 சதவீதத்துல.

கூடலூர்_மழை:
ஒரு நாள் பெஞ்சதை வெச்சுப் பெருமை பேசாதீங்க. நாங்க மூணு மாசம் நனையறோம். வயநாட்டுப் பக்கத்து ஆளுங்கன்னா ஊட்டிக்காரங்களுக்கு எப்பவும் ஒரு இளக்காரம்.

குன்னூர்_சர்வீஸ்:
ஐபி68ன்னா என்னன்னு தெரிஞ்சு பேசுங்க. 6 தூசிக்கு, 8 தண்ணிக்கு. சோதனை நல்ல தண்ணியில, புது போன்ல, கம்பெனி சொல்ற ஆழத்துல. ஒரு தடவை கீழே விழுந்து ஓரம் விலகினாலோ, திரை மாத்தப் பிரிச்சாலோ அந்த 68க்கு உத்தரவாதம் கிடையாது. உள்ளே தண்ணி பட்டா சிவக்கற ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது சிவந்திருந்தா பெரும்பாலும் வாரண்டி இல்லன்னு கையை விரிப்பாங்க.

கூடலூர்_மழை:
அது எனக்கே நடந்தது. ஐபி68 எழுதின போன், மழையில நனைஞ்சது மட்டும்தான். "திரவச் சேதம்"னு எழுதித் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதுக்காக ஐபி68 வேண்டாம்னு ஆயிடுமா? இல்லாம இருந்திருந்தா முதல் வாரமே போயிருக்கும்.

லவ்டேல்_டீச்சர்:
கேத்தி அக்கா கேட்டது மூணு வருஷம் ஓடணும்னு. யாரும் அப்டேட் பத்திப் பேசல. கூகுள் பிக்சல் 8ல இருந்தும், சாம்சங் எஸ்24ல இருந்தும் 7 வருஷம் தர்றதா அறிவிச்சாங்க. ஆனா விலை குறைஞ்ச போன்கள்ல பலதுக்கு அவ்வளவு வருஷம் தர்றதில்ல. பாதுகாப்பு அப்டேட் நின்ன போன்ல பேங்க் ஆப் வெச்சுக்கறது எனக்குப் பயம். பிள்ளைங்க கேமராவுல 108 மெகாபிக்சலைப் பார்த்து மயங்கறாங்க. அது ஒன்பது பிக்சலை ஒண்ணாச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாத்தான் வழக்கமா எடுக்கும். 6 ஜிபி ராமுக்குக் குறைஞ்சு வேண்டாம் அக்கா. சார்ஜர் பெட்டியில இருக்கான்னும் கேட்டுக்குங்க.

எமரால்டு_கேரட்:
டீச்சர், அப்டேட் வந்தா 4 டிகிரியில போன் ஆன் ஆயிடுமா?

லவ்டேல்_டீச்சர்:
நான் உங்ககிட்ட பேசல. அந்தப் பொண்ணு மண்டிக்குப் போகப் போறதில்ல, காலேஜுக்குப் போகப் போறா.

குன்னூர்_சர்வீஸ்:
இப்ப 4 டிகிரின்னு வந்துட்டீங்க! ஆப்பிள் சொன்னது 0. நீங்களே எடுத்துக் கொடுத்த எண். புல்லுல உறைபனி இருந்தா காத்தும் 0ன்னு அர்த்தமில்ல. தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுட்டு சீக்கிரம் குளிரும், நாலடி மேல காத்து 2, 3 டிகிரியில நிக்கும். போன் உங்க சட்டைப் பையில, ஸ்வெட்டருக்கு உள்ளே இருந்திருந்தா இன்னும் சூடா இருந்திருக்கும். அதனால நேராக் கேக்கறேன்: அன்னிக்குப் போன் எங்க இருந்துச்சு? பையிலயா, வண்டி டேஷ்போர்டுலயா?

எமரால்டு_கேரட்:
எங்க இருந்தா என்ன? குளிர் குளிர்தானே? விவசாயி ரெண்டு கையிலயும் மூட்டை தூக்கறப்போ போனை எங்க வேணா வைப்பான். டேஷ்போர்டுல வெச்சா அணையற போனைத்தான் "தாராளம்"னு சொல்றீங்களா? நான் மூணு தடவை கேட்டாச்சு, ஏப்ரல்ல ஏன் அணையல?

நீங்க உண்மையைச் சொல்ற ஆளான்னு எங்க மச்சானைக் கேளுங்க. போன வருஷம் உங்ககிட்டதான் டிஸ்ப்ளே மாத்தினான். ரெண்டே மாசத்துல பச்சைக் கோடு.

குன்னூர்_சர்வீஸ்:
உங்க மச்சான் போனைக் கீழே போட்டார். பின்கண்ணாடி உடைஞ்சிருந்ததை நானே படம் எடுத்து வெச்சிருக்கேன். அதை இங்க இழுக்கறீங்கன்னா உங்ககிட்ட வாதம் தீர்ந்து போச்சுன்னு அர்த்தம். நீங்க ஒரு தடவைதான் கேட்டீங்க, மூணு தடவை இல்ல. ஏப்ரல் பதில்: ஜனவரியில வயசான பேட்டரி, குளிர், சிக்னல் மூணும் சேர்ந்துச்சு. ஏப்ரல்ல ரெண்டுதான்.

எமரால்டு_கேரட்:
ஆக, குளிர் காரணம்னு ஒத்துக்கிட்டீங்க.

குன்னூர்_சர்வீஸ்:
ஒத்துக்கல. 6000 எம்.ஏ.எச். இருந்தாலும் வயசானா அதே 41ல அணைஞ்சிருக்கும்னுதான் சொல்றேன். எம்.ஏ.எச். எண் கூடினா பழைய பேட்டரி புதுசாயிடாது.

கோத்தகிரி_இப்போகோவை:
இந்தக் குளிருக்கெல்லாம் நாங்க கோத்தகிரியில குல்லாகூடப் போட மாட்டோம். போன்னா கேமரா முக்கியம். மூடுபனியில காட்டெருமையை எடுத்துப் பாருங்க, டிஜிட்டல் ஜூம்ல களிமண் பொம்மை மாதிரி வரும். லென்ஸாலயே பெரிசாக்கற ஆப்டிகல் ஜூம் இருக்கற போன் வாங்குங்க.

எமரால்டு_கேரட்:
கோவையில ஏசி போட்டுக்கிட்டு குளிரைப் பத்திப் பேசறார். சீசனுக்கு இ-பாஸ் எடுத்துட்டுத்தானே மேல வர்றீங்க?

கோத்தகிரி_இப்போகோவை:
என் வண்டி டிஎன் 43. உள்ளூர் வண்டிக்கு இ-பாஸ் கிடையாது. தெரியாம எழுதாதீங்க.

கேத்தி_அக்கா:
அண்ணா, டீச்சர், எல்லாருக்கும் நன்றி. ஆனா நான் இப்ப எதை வாங்கறது? 6000, பேண்டு 28, ஐபி68, ஏழு வருஷ அப்டேட், ஆப்டிகல் ஜூம் எல்லாம் 18 ஆயிரத்துக்கு எங்க இருக்கு? அவ விடிகாலை பஸ்ஸுக்கு ஆறரைக்கு நிப்பா, அவ்வளவுதான்.

எமரால்டு_கேரட்:
ஆறரை மணியா? டிசம்பர்ல ஆறரை மணிக்குக் கேத்திப் பள்ளத்தாக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துல பொண்ணு கையில போன் அணைஞ்சு போனா வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்லுவா? அக்கா, நான் எனக்காகப் பேசல. சிலிக்கான் கார்பன்னு ஒரு பேட்டரி வருது, 2023ல ஹானர் போன்ல வந்தது. அதே இடத்துல கூடுதல் மின்சாரம் அடங்கும், கனமும் ஏறாது. விலை குறைஞ்ச போன்லயும் இப்ப கிடைக்குது. கடையில இதைக் கேளுங்க. குளிர்ந்து கிடக்கற போனை உடனே சார்ஜ் போடாதீங்க, 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டா உள்ளே லித்தியம் படிஞ்சு பேட்டரி கெட்டுப்போகும். இதையும் சர்வீஸ்காரர் கதைன்னு சொல்லுவார்.

குன்னூர்_சர்வீஸ்:
அது கதையில்ல, சரிதான். ஆனா கேத்தியில ஆறரைக்கு எப்பவும் 0 டிகிரி இருக்கப் போறதில்ல. அவ பைக்குள்ள வெச்சுக்கிட்டா எந்தப் பிரச்சினையும் இல்ல. 5000 தாராளம்.

எமரால்டு_கேரட்:
தாராளம்! மறுபடியும் தாராளம்!

கூடலூர்_மழை:
மழை வந்தா பையும் நனையும்.

கேத்தி_அக்கா:
சனிக்கிழமை கமர்ஷியல் ரோட்டுல ரெண்டு மூணு கடை ஏறி இறங்கப் போறோம்.

குன்னூர்_சர்வீஸ்:
விவரத்தாள்ல பேண்டு 28 பாருங்க அக்கா. எமரால்டு சார், டேஷ்போர்டுலதான் இருந்துச்சுன்னு இன்னும் வாயைத் திறந்து சொல்லல.

எமரால்டு_கேரட்:
ஜனவரியில நாலு மணிக்கு எமரால்டுக்கு உங்க 5000 எம்.ஏ.எச். போனோட வாங்க. மிஷின் பக்கத்துல என்கூட நில்லுங்க. 41 சதவீதத்துல கால் போட்டுக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் விடப் போறதில்ல.