பொருள்: டூர் - ஆட்டம், நாடகம், வணிகம் மூன்றுக்கும் ஒரே சொல்லா?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். விளையாட்டு மேலாண்மைப் பட்டயப் படிப்புக்கான பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டூர்' (tour) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் எது என்பது இன்னும் தீரவில்லை. 1932-இல் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து போனதைச் சுற்றுப்பயணம் என்று எழுதிவிட்டேன். லார்ட்ஸில் ஒரே ஒரு டெஸ்ட், மற்றபடி ஊர் ஊராகக் கவுண்டி அணிகளோடு ஆட்டம். சொல் பொருந்துகிறது. ஆனால் ஏடிபி டூர்? 1990 முதல் நடக்கும் ஆடவர் டென்னிஸ் போட்டிகளின் வரிசை அது. 'சுற்று' என்று போட்டால் "ஏடிபி சுற்றின் முதல் சுற்றில் தோற்றார்" என்று வருகிறது. மாணவர் திணறுவார்கள். நாடகக் குழுவின் டூரும், பங்கு வெளியீட்டுக்கு முன் முதலீட்டாளர்களைத் தேடிப் போகும் ரோட்ஷோவும் பாக்கி.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா, 'பயணம்' பிரயாணத்தின் திரிபு. நமக்குச் 'செலவு' இருக்கிறது; சங்கத் தமிழில் அதற்குச் செல்லுதல் என்று பொருள். பாலைத்திணைப் பாடல்களில் தலைவன் புறப்படத் தயங்குவது செலவழுங்குதல். 'சுற்றுச்செலவு' என்று துணிந்து எழுதுங்கள். நாடகத்துக்கு 'உலா', தலைவன் வீதியில் வருவதைப் பாடும் சிற்றிலக்கியத்தின் பெயர். தொல்காப்பியர் "ஊரொடு தோற்றமும் உரித்தென மொழிப" என்று வித்திட்டார். சேரமான் பெருமாள் நாயனாரின் ஆதியுலாவில் அது நூலாயிற்று. பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் பார்க்கத் தலைவன் வீதியில் வருகிறான். பார்ப்பவர் இருக்குமிடத்துக்கே ஆட்டம் போவதற்கு இதைவிட நல்ல சொல் எது?

மதுரையிலிருந்து:

> 'சுற்றுச்செலவு' என்று துணிந்து எழுதுங்கள்

வணிகப் பாடத்தில் 'சுற்றுச்செலவு' என்றால் எவரும் பயணப்படிக் கணக்கைத்தான் தேடுவார்கள். சங்கப்பொருள் அழகானது, இன்று அது புழக்கத்தில் இல்லை. உலாவும் இங்கே ஒட்டாது. உலாவில் தலைவன் தன் ஊர் வீதியில்தான் வருகிறான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற நாடகக் கம்பெனிகள் வெளியூர்களுக்குப் போயின. கொட்டகை போட்டு, வசூல் இருக்கும்வரை தங்கின. அதை அவர்கள் முகாம் என்றார்கள். தொழிலில் இருந்தவர்கள் வைத்த பெயரை ஏன் தள்ள வேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து:

முகாம் அரபு! கூத்தரை வழிப்படுத்தியே மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை எழுந்த மொழியில் அரபுக்குப் போவானேன்?

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பத்திரிகைகளில் அணி 'விஜயம்' செய்யும். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். வடசொல் என்று ஐயா தள்ளுவார், தெரியும். ஏடிபிக்குச் 'சுற்றுத்தொடர்' சரிவரும் என்று நினைக்கிறன். 'தொடர்' மட்டும் போட்டால் டெஸ்ட் தொடரோடு குழம்பும். 1903-இல் தொடங்கின டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டம் வேறு சாதி; அது உண்மையாகவே நாட்டைச் சுற்றுது. அதற்குப் 'பிரான்சு வலம்' என்று சொல்லலாமோ?

மதுரையிலிருந்து:

அந்தப் பாதை ஓராண்டு வலஞ்சுழியாகவும் இன்னோராண்டு இடஞ்சுழியாகவும் போகிறதே அம்மா. கிரிவலம் பழகிய காதுக்கு இடஞ்சுழி வலம் உறுத்தும். வலம் என்பதற்கு வெற்றி என்றும் பொருள் உண்டு, அதை வைத்து ஏற்கலாம் என்றால் மறுக்க மாட்டேன்.

கோவையிலிருந்து:

நேரமில்லை. ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்குவதால் நாமும் அடக்க வேண்டியதில்லை. நடக்கும் வேலை வேறு, சொல்லும் வேறாகட்டும். பலரும் ஒத்துக்கொண்டபடி போகிறேன்: அணிக்குச் சுற்றுப்பயணம், ஏடிபிக்குச் சுற்றுத்தொடர், ரோட்ஷோவுக்கு முதலீட்டாளர் சந்திப்புப் பயணம். தங்கி நடத்தும் நாடகத்துக்கு முகாம். ஊருக்கு ஓரிரவு என்று நகரும் குழுவுக்கு ஊர்ச்சுற்று நாடகம். டூர் டி பிரான்ஸ் அப்படியே இருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து:

இரண்டு இடத்தில் 'பயணம்', ஓரிடத்தில் 'முகாம்'. ஒப்பவில்லை. உலாவையாவது அடைப்புக்குறிக்குள் சேருங்கள். இரண்டாம் பதிப்புக்கு முன் விரிவாக எழுதுகிறேன்.