ஏற்காடு வீட்டுக்கு ஒயர்லெஸ் சுவிட்ச்: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் எங்கள் பழைய வீட்டுக்குக் கனமான கருங்கல் சுவர். அதை உடைத்துப் புது ஒயர் இழுக்க மனசில்லை. ஸ்மார்ட் பல்புகளும், சுவரில் ஒட்டும் ஒயர்லெஸ் சுவிட்சுகளும் போடப் போகிறோம்.

முக்கியமாக அம்மாவுக்காக. ராத்திரி எழுந்தால் கட்டிலருகே கைக்கு எட்டும் இடத்தில் பட்டன் வேண்டும். ஆப் எல்லாம் அவருக்கு ஒத்துவராது. இருட்டில் தடவினாலே எது மேல் பட்டன், எது கீழ் பட்டன் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். வழவழவென்ற டச் பேனல் வேண்டவே வேண்டாம்.

மழை பிடித்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். கரண்ட் வந்தும் நெட் வராத நேரத்திலும் பட்டன் வேலை செய்ய வேண்டும். அதனால் சுவிட்சைப் பல்போடு நேரடியாக இணைக்கக்கூடிய ஜிக்பீ (Zigbee) என்ற ஒயர்லெஸ் முறைதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் வைஃபை போல அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான். இந்தச் சுவரைத் தாண்டுமா? நடுவில் உள்ள பல்புகள் சிக்னலைக் கடத்தும், சரி. யாராவது பழைய சுவிட்சை அணைத்துவிட்டால் அந்த வழியே அறுந்துபோகுமே! அதற்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?

அப்புறம், அழுத்தும் விசையிலேயே மின்சாரம் எடுக்கும் பேட்டரி இல்லாத சுவிட்சை யாராவது பயன்படுத்துகிறீர்களா? வயதானவர் விரலுக்கு அது கடினமாக இருக்குமா? சேலத்தில் அழுத்திப் பார்த்து வாங்க ஒரு கடை சொன்னால், அம்மாவையே கூட்டிப்போவேன்.