ரேடியேட்டர்: ‘கதிர்வீசி’யா, ‘சூடாற்றி’யா?

பொருள்: ரேடியேட்டர் (கணினி நீர்க்குளிர்ப்பு) – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

மேசைக்கணினிக்கு நீர்க்குளிர்ப்பு வாங்குவோருக்கான கையேடு ஒன்று தமிழில் உருவாகிவருகிறது. பம்புக்கு ‘எக்கி’, செயலியின் மேல் உட்காரும் செம்புத் தகட்டுக்குக் ‘குளிர்தகடு’ என்று எழுதியாயிற்று. செயலியிலிருந்து சூடாகி வரும் நீரை விசிறிக் காற்றால் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் ரேடியேட்டரில்தான் வண்டி நிற்கிறது. கைவசம் உள்ளவை: கதிர்வீசி, வெப்பவீசி, வெப்பமாற்றி, குளிர்விப்பான். இவற்றுள் ‘கதிர்வீசி’ மூலச் சொல்லுக்கு மிக அருகில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

கூடவே ஒரு சந்தேகம். ‘240 ரேடியேட்டர்’ என்பதை ‘240 மி.மீ. நீளமுள்ள கதிர்வீசி’ என்று வரைவில் எழுதியிருக்கிறோம். சரிதானே?

---

மறுமொழி 1

ஐயா,

இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த வரியை நம்பி ஒருவர் டேப் பிடித்து அளந்தால், வாங்கிய பொருள் கணினிப் பெட்டிக்குள் போகாது.

240 என்பது நீளம் அல்ல. 120 மி.மீ. விசிறி இரண்டை வரிசையாக மாட்டலாம் என்று சொல்லும் எண், அவ்வளவே. விசிறிகள் மூடும் பகுதிக்கு அப்பால் இரு முனையிலும் சிறு நீர்த்தொட்டிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே 240 என்று விற்பது உண்மையில் பெரும்பாலும் 275 முதல் 280 மி.மீ. வரை இருக்கும். 280 என்பது 315-322, 360 என்பது 395-400, 420 என்பது 460-ஐ ஒட்டி வரும். கோர்சேர், ஆர்க்டிக் நிறுவனங்களின் விவரத்தாள்களில் 240 வகைக்கு நேரே 277 மி.மீ. என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். தலைப்பில் இருப்பது பெயர், அட்டவணையில் இருப்பதுதான் அளவு. இதற்கு மேல், குழாய்கள் வெளிவரும் முனையில் அவை வளைந்து திரும்பவும் இடம் வேண்டும். நெருக்கி மடக்கினால் உள்வழி சுருங்கி நீரோட்டம் குறைந்துவிடும்.

240-க்கும் 280-க்கும் இடையிலான குழப்பம் இதைவிடப் பெரிது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு 280 என்பது 40 மி.மீ. நீளம் கூடியது என்றுதான் தோன்றும். அது 140 மி.மீ. விசிறி இரண்டு கொண்டது. அகலமும் ஏறத்தாழ 20 மி.மீ. கூடுகிறது. 120 விசிறியின் திருகுத் துளைகள் 105 மி.மீ. இடைவெளியில் இருக்கும், 140-இன் துளைகள் 124.5 மி.மீ. இடைவெளியில். பெட்டியின் கூரையில் 120-க்கான துளை மட்டும் இருந்தால், எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் 280 அங்கே நிற்காது. ‘360 போகிற பெட்டிதானே, 280 போகாதா?’ என்று வாங்கி மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பெருக்கி வந்த எண்ணைத் தமிழில் நாம் சுமக்க வேண்டியதில்லை. விசிறி அளவையும் எண்ணிக்கையையும் பிரித்தே எழுதலாம்: 120-ஒற்றை, 120-இரட்டை, 120-மும்மை, 140-இரட்டை, 140-மும்மை. துளை எது, அகலம் எது என்று பெயரிலேயே தெரிந்துவிடும். பரப்பை ஒப்பிடவும் எளிது. 120-இரட்டைக்கு 288 சதுர செ.மீ., 140-இரட்டைக்கு 392, 120-மும்மைக்கு 432. 140-இரட்டைக்கும் 120-மும்மைக்கும் பரப்பில் 10 விழுக்காடுதான் வேறுபாடு. நீளத்திலோ ஏறத்தாழ 80 மி.மீ. மிச்சம். குட்டையான பெட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

---

மறுமொழி 2

> ‘கதிர்வீசி’ மூலச் சொல்லுக்கு மிக அருகில் இருக்கிறது.

அந்த நெருக்கம்தான் தொல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் கதிர்வீச்சு என்பதும் இலங்கைப் பாடநூல் கதிர்ப்பு என்பதும் ஒன்றே: இடையில் எந்தப் பொருளின் துணையும் இல்லாமல் வெப்பம் பரவுவது. இந்தக் கருவியில் அது எவ்வளவு நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

277 × 120 × 27 மி.மீ. கட்டையாக எடுத்துக்கொண்டால் வெளிப்பரப்பு ஏறத்தாழ 0.088 சதுர மீட்டர். உள்ளே நீர் 40 பாகை, அறை 30 பாகை செல்சியசு. முழுக் கரும்பொருளாகவே (இயன்ற உச்ச அளவில் கதிர்வீசும் பொருளாகவே) கொண்டு, கதிர்வீச்சைக் கணக்கிடும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதியைப் போட்டால் சதுர மீட்டருக்கு 66 வாட், ஆக மொத்தம் 6 வாட்டுக்கும் கீழே. இதழ்களின் (குழாய்களுக்கு இடையே நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகளின்) உட்பரப்பை இதில் சேர்க்கக் கூடாது, அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால் வெளியே போவது மிகக் குறைவு. செயலி 200 வாட் தள்ளுகிறது என்றால் மீதி 194 வாட்டையும் விசிறி ஊதும் காற்றுதான் அள்ளிச் செல்கிறது. தமிழ்நாட்டில் இது வெப்பச்சலனம், இலங்கையில் மேற்காவுகை.

மூன்று விழுக்காட்டு வேலையைக் கொண்டு ஒரு கருவிக்குப் பெயர் வைக்கலாமா? தவறான பெயர் தவறான கையையும் இழுத்துச் செல்லும். ‘கதிர்வீசி’ என்று படிப்பவர், கண்ணாடி மூடிய முகப்புக்குப் பின்னால் அதை மாட்டிவிட்டு அது தானே வீசிக்கொள்ளும் என்று இருந்துவிடுவார். காற்று புக வழியில்லாத முகப்பில் மும்மையும் ஒற்றையாகிவிடும்.

‘வெப்பமாற்றி’ பிழையில்லை, ஆனால் அது ஓர் இனப்பெயர். குளிர்தகடும் ஒரு வெப்பமாற்றிதான், ஏசியின் இரு சுருள்களும் வெப்பமாற்றிகள்தான். ‘குளிர்விப்பான்’ முழுத் தொகுதிக்கும் வேண்டிய சொல். அதை இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன செய்வது?

என் முன்மொழிவு சூடாற்றி. காப்பியை ஆற்றுகிறோம், பாலை ஆற்றித் தருகிறோம். டபராவில் ஊற்றினால் பரப்பு விரிகிறது, தூக்கி ஊற்றினால் காற்று படுகிறது. இந்தக் கருவியும் சூடான நீரைத் தட்டைக் குழாய்களில் பரப்பி, இதழ்களுக்கு இடையே காற்றை ஓட்டி ஆற்றித் திருப்பி அனுப்புகிறது. ‘வெப்பாற்றி’ என்றும் சொல்லிப் பார்த்தேன், ஆனால் ‘வெப்ப ஆற்றல்’ பக்கத்திலேயே வந்து நின்று காதைக் குழப்புகிறது.

---

மறுமொழி 3

சூடாற்றி நன்றாக ஒலிக்கிறது. மூன்று தடைகளைச் சொல்லிவிடுகிறேன், இப்போதே தீர்த்துக்கொண்டால் நல்லது.

ஒன்று, ‘ஆற்றி’ வினையெச்சமாகவும் நிற்கும். ‘சூடாற்றி வைத்த பின்’ என்று எழுதினால், சூட்டை ஆற்றிவிட்டு வைப்பதா, கருவியை வைப்பதா?

இரண்டு, காப்பி ஆறுவதில் ஆவியாதலுக்குப் பெரும்பங்கு உண்டு. இது மூடிய சுற்று, இங்கே ஆவியாதலே கிடையாது. உவமை பொருந்துமா?

மூன்று, குளிர்நாடுகளில் வீட்டுச் சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் இருக்கிறது. அறையைச் சூடாக்கும் கருவியைச் சூடாற்றி என்றால் கனடாவிலும் நார்வேயிலும் இருக்கும் தமிழர்கள் என்ன நினைப்பார்கள்?

---

மறுமொழி 4

தடைகள் மூன்றும் நியாயமானவை.

‘தொலைபேசி’யும் ‘மின்தூக்கி’யும் ‘குளிரூட்டி’யும் இதே அமைப்பில் பிறந்த சொற்கள். பேசி, தூக்கி, ஊட்டி எல்லாமே வினையெச்சமாகவும் நிற்பவை. இன்று யாரும் தடுமாறுவதில்லை. ‘சூடாற்றியை வைத்த பின்’ என்று வேற்றுமை உருபை விடாமல் எழுதினால் போதும்.

‘ஆற்று’ எப்படி நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை, எது நடக்கிறது என்பதைச் சொல்கிறது. புண்ணும் ஆறுகிறது, சினமும் ஆறுகிறது. அங்கே ஆவி எங்கே? கதிர்வீசியில் நாம் கண்ட பிழையே வழியைப் பெயரில் பூட்டியதால் வந்தது. இந்தச் சொல் அதைச் செய்யவில்லை.

சுவரோரக் கருவிக்கு வேறு பெயர்தான் வேண்டும். அங்கே நமக்கு வேண்டியது அறையின் சூடு, இங்கே நீரின் குளிர்ச்சி. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவதால் நாமும் அடக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு ‘அறைவெப்பி’ சரியாக இருக்கும்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. கையேட்டில் வர வேண்டிய பகுதியையே எழுதிப் பார்த்தேன். கூடுதலாக ஒரு சொல் தேவைப்பட்டது: சூடாற்றியும் விசிறியும் சேர்ந்த மொத்தக் கனத்துக்கு அடுக்குத் தடிமன்.

*கூரையில் மாட்டுவதானால்:* பெட்டிக் கூரையின் உட்புறத்திலிருந்து தாய்ப்பலகையின் (மதர்போர்டு) மேல்விளிம்பு வரை அளக்கவும். வழக்கமான சூடாற்றி 27 மி.மீ., விசிறி 25, ஆக அடுக்குத் தடிமன் 52. இடைவெளி அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை. 30 மட்டுமே இருந்தால் 22 மி.மீ. தாய்ப்பலகைக்கு முன்னால் இறங்கித் தொங்கும். அப்போது இன்னொரு அளவு தேவை: பலகையின் முகத்திலிருந்து, விசிறியின் பலகைப் பக்க விளிம்பு வரை. நினைவகத்தின் (ரேம்) உயரம் இதற்குள் அடங்க வேண்டும். மேலுறை இல்லாத நினைவகம் 31 மி.மீ. சொச்சம், ஒளிரும் உறை போட்டவை 44 மி.மீ., சில 50-ஐயும் தாண்டும். செருகியில் உட்கார்ந்த பின் சில மி.மீ. கூடும், அதற்கும் இடம் விடவும். 140-இரட்டை அகலமானது, பலகையை நோக்கி இன்னும் நெருங்கி வரும். 120-இரட்டை தாராளமாகப் போகும் பெட்டியிலும் அது நினைவகத்தில் இடிப்பது இதனால்தான். தாய்ப்பலகையின் மேல்மூலையில் செயலிக்கான 8-முனை மின்செருகி இருக்கும். சூடாற்றியை மாட்டிய பின் அங்கே விரல் போகாது. கம்பியை முதலிலேயே செருகிவிடவும்.

*முகப்பில் மாட்டுவதானால்:* வரைகலை அட்டையின் (கிராஃபிக்ஸ் கார்டு) நீளமே எல்லை. பெட்டி விவரத்தாளில் 360 மி.மீ. வரை அட்டை போகும் என்று இருந்தால், அது முகப்பு விசிறியோடு சேர்த்தா, விசிறி இல்லாமலா என்று பார்க்கவும். விசிறி இல்லாமல் என்றால் 52 கழித்து மிஞ்சுவது 308. என்விடியாவே விற்ற ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை 304 மி.மீ., 4 மி.மீ. மிச்சத்தில் உள்ளே போகும். அதே இடத்தில் ஆர்க்டிக்கின் 38 மி.மீ. தடிமனான சூடாற்றியை வைத்தால் அடுக்குத் தடிமன் 63, மிஞ்சுவது 297, அட்டை போகாது. சூடாற்றியின் இரு பக்கமும் விசிறி வைக்க நினைத்தால் 27 மி.மீ. சூடாற்றிக்கே 77 ஆகிவிடும். கீழே மின்வழங்கியை மூடும் தட்டில் வெட்டு இருக்கிறதா, வன்வட்டுக் கூண்டைக் கழற்ற முடியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளவும். 120-மும்மையின் 397 மி.மீ. அங்கேதான் இடிக்கும்.

*திருகு:* 25 மி.மீ. விசிறிக்கு 30 மி.மீ. திருகு, அதாவது 5 மி.மீ. மட்டும் உள்ளே போகும். இடம் போதவில்லை என்று 15 மி.மீ. மெல்லிய விசிறிக்கு மாறியவர் பழைய திருகையே போட்டால் 15 மி.மீ. உள்ளே இறங்கி நீர் ஓடும் குழாயைத் துளைத்துவிடும். சில சூடாற்றிகளில் துளைக்கு நேர்கீழே காப்புத் தகடு இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. விசிறி இல்லாமல் பெட்டித் தகட்டில் நேராகப் பூட்டும் பக்கத்துக்கு, கூடவே வரும் குட்டைத் திருகு மட்டும்.

*உயரம்:* சுற்றுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், அது உச்சியில் போய்ச் சேரும். அந்த உச்சி சூடாற்றியின் தொட்டியாக இருக்க வேண்டும், எக்கியாக இருக்கக் கூடாது. பெட்டியின் அடித்தளத்தில் சூடாற்றியை வைத்தால் காற்று எக்கிக்கு ஏறிவிடும். கடகட ஓசை, பிறகு தேய்மானம்.

எந்த அளவு வேண்டும் என்பதற்கு இரண்டே வரி. ரைசன் 5 7600 செயலியின் மின்வரம்பு 88 வாட், அதற்கு 120-இரட்டையே மிகை. ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட், கோர் ஐ9-14900கே 253 வாட். இவற்றுக்கு 140-இரட்டைக்குக் கீழே இறங்க வேண்டாம், இடம் இருந்தால் 120-மும்மை.

எழுதும்போது ‘சூடாற்றி’ எங்கும் தடுக்கவில்லை.

---

மறுமொழி 5

அனைவருக்கும் நன்றி. வரைவில் மாற்றியாயிற்று:

‘120-இரட்டைச் சூடாற்றி (கடையில் 240 ரேடியேட்டர் என்று கேட்கவும்). மெய்நீளம் 277, அகலம் 120, தடிமன் 27 மி.மீ.; விசிறியோடு அடுக்குத் தடிமன் 52 மி.மீ.’

கடைப்பெயரை அடைப்புக்குள் விட்டிருக்கிறோம், வாங்கப் போகிறவருக்கு அது வேண்டும். தமிழ்நாட்டில் கேபினெட், இலங்கையில் கேசிங் என்பதால் இரண்டுக்கும் பொதுவாகப் ‘பெட்டி’ என்றே நிற்கட்டும். ‘இதழ்’ பற்றி மட்டும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. அங்குலத்துக்கு 20 இதழ் என்றால் நெருக்கமானது, அழுத்தம் மிகுந்த விசிறி வேண்டும். 10 என்றால் மெதுவாகச் சுழலும் விசிறியே போதும் என்று ஒரு பத்தி வருகிறது. அதில் ‘செதில்’ பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மூடுபவை, இவை இடைவெளி விட்டு நிற்பவை. அதனால் ‘இதழ்’ என்றே விட்டிருக்கிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.